ஜேம்ஸ் வெப் தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சிக்குச் செல்லும் முன் எதுவரை கற்றுக்கொண்டு செல்வது?

கேள்வி: நெல்லை_ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். என் நெறியாளர் கோட்பாட்டு அண்டவியலில் பணியாற்றுபவர். தொலைநோக்கித் தரவுகளை நேரடியாகக் கையாளும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை. செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு; எண் கூடக்கூடத் தொலைவும் கூடும்) 5-க்கு மேற்பட்ட விண்மீன்திரள்களின் ஒளியளவுகளை, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிர்கேம் கருவி எடுத்த படங்களிலிருந்து நானே அளந்து, நெறியாளரின் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும் என்பது என் ஆய்வின் முதல் பகுதி.

இப்போதைக்கு என்னால் முடிவதைச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் வெப் கொண்டு தொலைதூர விண்மீன்திரள்களைத் தேடிய சீர்ஸ் ஆய்வுத் திட்டத்தின், பல படங்களைச் சேர்த்து உருவாக்கிய இறுதி மொசைக் படங்களைப் பதிவிறக்கி, பைத்தானில் திறந்து, ஒளிமூலங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றின் மேலும் வட்டத் துளை (ஒளியைக் கூட்டும் வட்டப் பகுதி) வைத்து ஒளியளவு எடுக்கிறேன். சீர்ஸ் குழுவினர் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிடும்போது பிரகாசமான மூலங்களின் மதிப்புகள் ஒத்துப்போகின்றன. மங்கலான மூலங்களில்தான் குழப்பம்: நான் கணக்கிடும் பிழை, அவர்கள் தரும் பிழையில் ஏறத்தாழப் பாதியாகவே வருகிறது. பின்னணிப் பிக்சல்களின் திட்ட விலக்கத்தை எடுத்து, துளைக்குள் அடங்கும் பிக்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கும் பாடநூல் முறையைத்தான் பின்பற்றினேன்.

பயிற்சி பெற இரண்டு வழிகள் கண்ணில் படுகின்றன. பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் நடத்திய ஜேவெபினார் எனும் இணையவழிப் பயிற்சிகளின் காணொளிப் பதிவுகளும் நோட்புக்குகளும் பொதுவெளியில் கிடைக்கின்றன. வீட்டில் இருந்தபடியே செய்து பார்க்கலாம். மற்றொன்று, நம் நாட்டில் நேரில் நடக்கவிருக்கும் இரண்டு வாரச் செய்முறைப் பயிற்சி. அதற்கு விண்ணப்பிப்பவர், தாம் பகுத்தாய விரும்பும் தரவு எது, அதிலிருந்து எதை அளக்கப்போகிறார் என்று ஒரு பக்கத்துக்குத் திட்டம் எழுதித் தர வேண்டும்.

காப்பகம் தரும் இறுதிப் படமே போதுமென்று அங்கிருந்து தொடங்கலாமா, அல்லது மூலத் தரவிலிருந்து முழுப் பைப்லைனையும் (தரவைப் படிப்படியாகத் திருத்திப் படமாக்கும் மென்பொருள் தொடர்) நானே ஓட்டிப் பழகிக்கொண்டுதான் பயிற்சிக்குப் போக வேண்டுமா? பதிவுகளைப் பார்த்து நோட்புக்குகளை வரிசையாக ஓட்டிவிட்டால் நேரடிப் பயிற்சியில் கிடைப்பது கிடைத்துவிடுமா? என்னிடம் இருப்பது 16 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினி. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: அகச்சிவப்பன்

வணக்கம் சகோதரி. பிழை பாதியாக வருவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நீங்கள் திறந்து பார்ப்பது தொலைநோக்கி எடுத்த படம் அன்று; சற்றே இடம் மாற்றி மாற்றி எடுத்த பல படங்களைப் பொதுவான ஒரு கட்டத்தின் மேல் மீண்டும் விரித்து, எடையிட்டுச் சேர்த்து உருவாக்கியது. டிரிஸில் எனப்படும் அந்த முறையில் மூலப் படத்தின் ஒரு பிக்சலில் விழுந்த ஒளி, புதிய கட்டத்தின் பல பிக்சல்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒளி பங்கிடப்படும்போது இரைச்சலும் பங்கிடப்படுகிறது. அடுத்தடுத்த பிக்சல்கள் ஒரே இரைச்சலைப் பகிர்ந்துகொள்வதால் அவற்றுக்கிடையிலான வேறுபாடு குறைந்து, திட்ட விலக்கம் உண்மையைவிடச் சிறியதாகத் தெரிகிறது. வர்க்கமூல விதியோ, ஒவ்வொரு பிக்சலும் மற்றதைச் சாராமல் தனித்து நிற்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. அந்த அனுமானம் இங்கே செல்லாது.

இதற்கான வழி எளியது. படத்தில் ஒளிமூலங்கள் அனைத்தையும் மறைத்துவிட்டு, வெற்று வானத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் நீங்கள் பயன்படுத்தும் அதே அளவுத் துளையை வைத்து அளந்து, அந்த அளவுகளின் பரவலையே பிழையாகக் கொள்ளுங்கள். துளையின் அளவை மாற்றி மாற்றிச் செய்தால் இரைச்சல் வர்க்கமூல விதியைவிட வேகமாக வளர்வதை வரைபடத்திலேயே காணலாம். சீர்ஸ் போன்ற குழுக்களின் பட்டியல்களில் உள்ள பிழை மதிப்புகள் இவ்வகை அளவீட்டிலிருந்து வந்தவை.

இனி மூலத் தரவு. என் கருத்தில், வாழ்நாளில் ஒரு முறையாவது ஒரு படத்தை அன்கேல் கோப்பிலிருந்து (எந்தத் திருத்தமும் செய்யப்படாத மூலக் கோப்பு) தொடங்கி இறுதிவரை கொண்டுசென்று பார்க்காதவர் அந்தக் கருவியின் தரவைக் கையாளக் கூடாது. நிர்கேமின் உணரி நாம் அறிந்த சிசிடி போன்றது அன்று. சேர்ந்த மின்னூட்டத்தை அழிக்காமலே மீண்டும் மீண்டும் படிக்கும் வகையைச் சேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைப்பது ஒற்றை எண் அல்ல. நேரத்தோடு ஏறிச்செல்லும் எண்களின் வரிசை. அந்த ஏற்றத்தின் சாய்வுதான் ஒளியளவு. பைப்லைனின் முதல் கட்டம் சார்பு அளவை (ஒளி விழாதபோதும் உணரி காட்டும் தொடக்க மதிப்பு) கழித்து, நேர்கோட்டிலிருந்து விலகும் போக்கைத் திருத்தி, இருள் மின்னோட்டத்தை நீக்கி, காஸ்மிக் கதிர் தாக்கியதால் ஏற்பட்ட திடீர்த் தாவல்களை அடையாளமிட்டு, இறுதியில் சாய்வைக் கணிக்கிறது.

இதில் தாவலைக் கண்டறியும் படி ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். அடுத்தடுத்த இரு வாசிப்புகளின் வேறுபாடு, இரைச்சலைப்போல் நான்கு மடங்குக்கு மேல் விலகினால் அதைத் தாவல் என்று பைப்லைன் கொள்கிறது. அதுதான் இயல்பாக வைக்கப்பட்டுள்ள வரம்பு. சாதாரணத் தாக்குதலுக்கு இது போதும். ஆற்றல் மிகுந்த தாக்குதல்களில் நடுப்பகுதி செறிவடைந்து, சுற்றிலும் வட்டமான ஒளிவட்டம் ஒன்று விரிகிறது. இத்துறையில் இருப்பவர்கள் அதை ஸ்நோபால் என்பார்கள். அந்த வட்டத்தின் விளிம்பில் தாவலின் அளவு வரம்புக்குக் கீழே இருப்பதால் அடையாளம் விழுவதில்லை. சாய்வுப் படத்தில் அது மங்கலான, விரிந்த ஒரு வட்டமாக எஞ்சிவிடும். பெரிய தாக்குதல்களின் எல்லையை விரித்து மறைக்கும் வசதி அதே படியில் உண்டு. அதை இயக்கியும் இயக்காமலும் ஒரே கோப்பை இரு முறை ஓட்டி, இரண்டு படங்களையும் அடுத்தடுத்து மாற்றிப் பாருங்கள். மங்கலான விண்மீன்திரள்களைத் தேடும் உங்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

அடுத்தது, படத்தின் குறுக்கே கிடைவரிகளாகத் தெரியும் ஒன்-பை-எஃப் இரைச்சல். படிக்கும் மின்சுற்றிலிருந்து வருவது அது. ஒரு உணரியை நான்கு பெருக்கிகள் தலைக்கு 512 பத்திகளாகப் பிரித்துக்கொண்டு படிப்பதால், ஒவ்வொரு பகுதியிலும் வரிவரியாக இடைநிலை மதிப்பைக் கண்டு கழிப்பது வழக்கம். ஒளிமூலங்களைச் சரியாக மறைக்காமல் இதைச் செய்தால், பெரிய விண்மீன்திரளின் இருபுறமும் எதிர்மதிப்புப் பட்டைகள் தோன்றிவிடும். வரி மறைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அந்தப் பட்டைகளைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். சில உணரிகளில் சிதறொளியால் வரும் புகைபோன்ற படலங்களும் உண்டு; அவற்றைக் கழிக்க உதவும் மாதிரிப் படங்களைப் பால்டிமோர் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் நோட்புக் ஒன்று வரிசையாகச் செய்து முடித்துவிடும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் நிறுத்தி, படத்தைத் திறந்து, என்ன மாறியது என்று பார்ப்பதை அது உங்களுக்காகச் செய்யாது.


மறுமொழி: போட்டான்_எண்ணி

அகச்சிவப்பன் அவர்கள் பிழையைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. மூலத் தரவைப் பற்றிச் சொன்னதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது.

நான் எக்ஸ் கதிர் வானியலைச் சேர்ந்தவன். இதுபோன்ற பயிற்சிகளில் மாணவனாகவும் பின்னர் உதவிப் பயிற்றுநராகவும் இருந்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் காணும் காட்சி ஒன்று உண்டு. முதல் வாரம் முழுவதும் மென்பொருளை நிறுவுவதிலும் மூலத் தரவைச் சுத்திகரிப்பதிலும் கழிந்துவிடும். இரண்டாம் வாரத்தின் கடைசி நாள்களில், நாளை அறிக்கை வாசிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் மாதிரியைப் பொருத்தி, ஒரு எண்ணைப் பெற்று, அந்த எண் நம்பத்தக்கதா என்று கேட்க நேரமில்லாமல் ஊர் திரும்புவார்கள். கற்க வேண்டிய முக்கியமான பகுதிக்கு மிகக் குறைந்த நேரம் கிடைக்கிறது. ஆகவே சகோதரி மூலத் தரவுக்கு ஒரு எல்லை வகுத்துக்கொள்வது நல்லது: ஒரே உணரி, ஒரே படம். அதற்குமேல் பயிற்சிக் காலத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆய்வுக்கான அளவீட்டை வெளியிடப்பட்ட மொசைக்கிலிருந்தே தொடங்கலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

நேரடிப் பயிற்சியின் மதிப்பு என்ன என்று கேட்டீர்கள். விண்வெளி ஆய்வுக்கான பன்னாட்டு அமைப்பான கோஸ்பார், வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்காக 2001 முதல் திறன் வளர்ப்புப் பயிற்சிகளை நடத்தி வருகிறது. அவற்றின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஏறத்தாழ இரண்டு வாரம். முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பங்கேற்பாளர்கள். விரிவுரைகளோடு கணினிக்கு முன் நீண்ட நேரம். ஒவ்வொருவருக்கும் காப்பகத் தரவைக் கொண்டு சொந்தமாக ஒரு சிறு ஆய்வு. அந்தத் தொலைநோக்கிகளின் தரவோடு அன்றாடம் வாழ்பவர்களே பயிற்றுநர்களாக வருகிறார்கள். மென்பொருளும் தரவும் இலவசமாகக் கிடைப்பவை என்பதால் ஊருக்குத் திரும்பிய பிறகும் வேலையைத் தொடர முடியும். பெரிய தொலைநோக்கி இல்லாத நாட்டிலிருந்தும் முதல்தர ஆய்வு செய்யலாம் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட திட்டம் அது. காப்பகம் திறந்திருக்கும்வரை அந்த எண்ணம் செல்லும்.

காணொளியால் தர முடியாதது எது என்பதற்கு என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியின் தரவில், குறை ஆற்றல் புரோட்டான்கள் உணரியைத் தாக்கும் நேரங்களில் பின்னணி பன்மடங்கு உயர்ந்துவிடும். அந்த நேரப் பகுதிகளை வெட்டி எறிய வேண்டும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நிகழ்வுகளின் வீதத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து, பிஎன் உணரியில் விநாடிக்கு 0.4 என்ற அளவுக்கு மேல் போகும் பகுதிகளை நீக்குங்கள் என்று வழிகாட்டிப் பக்கங்கள் சொல்லும். மாணவர்கள் 0.4 என்று தட்டச்சு செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். சில தரவுகளில் அமைதியான நேரத்தின் வீதமே அந்த அளவை ஒட்டி இருக்கும்; அங்கே நல்ல தரவில் பெரும்பகுதி வீணாகும். வேறு சிலவற்றில் மிதமான எழுச்சிகள் வரம்புக்குக் கீழே ஒளிந்துகொண்டு உள்ளே வந்துவிடும். வரைபடத்தைப் பார்த்த பின்புதான் வரம்பை முடிவு செய்ய வேண்டும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் பயிற்றுநர், "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் அந்த ஒரு கேள்விக்காகவே ரயிலேறிப் போகலாம்.

இதேபோன்ற கேள்விகள் ஒவ்வொரு கருவிக்கும் உண்டு. சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஏசிஸ் கருவி வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒரு முறை படிக்கப்படுகிறது. பிரகாசமான மூலத்திலிருந்து அந்த இடைவெளிக்குள் ஒரே இடத்தில் இரண்டு போட்டான்கள் வந்துவிட்டால், அவை இரண்டின் கூட்டு ஆற்றல் கொண்ட ஒரே போட்டானாகப் பதிவாகும். அதை அறியாமல் நிறமாலைக்கு மாதிரி பொருத்தினால், கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் அழகான விடை ஒன்றைத் தரும்.

இடைச்செருகலாக ஒன்று. உங்கள் துறையில் தரவுப் பகுப்பாய்வு வழக்கமில்லை என்கிறீர்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் காப்பகத் தரவும் பொதுவெளியில் இருக்கிறது. அதற்கான ஆதரவு மையம் புணேயிலுள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூக்காவில் இயங்குகிறது. அதன் புறஊதாத் தொலைநோக்கியின் தரவில்தான் செம்பெயர்ச்சி 1.42-இல் உள்ள விண்மீன்திரள் ஒன்றிலிருந்து வரும் அதீதப் புறஊதா ஒளியை ஐயூக்கா தலைமையிலான குழுவினர் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். ஜேம்ஸ் வெப்போடு சேர்த்து இதையும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி: கோள்கடப்பு

நான் வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களின் வளிமண்டலத்தைப் பார்ப்பவன். மேலே இருவரும் மூலத் தரவுக்கு எவ்வளவு நேரம் என்று விவாதிக்கிறார்கள். எங்கள் பகுதியில் அந்த விவாதமே எழாது, ஏனென்றால் நாங்கள் தேடும் குறிகை முழு ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். முதல் கட்டத்தில் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் இறுதி நிறமாலையில் தெரியும்.

ஜேம்ஸ் வெப் 2022 ஜூலையில் வாஸ்ப்-39பி என்ற கோளின் கடப்பை (தன் விண்மீனுக்கு முன்னால் அது கடந்து செல்வதை) நிர்ஸ்பெக் என்ற நிறமாலைக் கருவியின் பிரிசம் வழியாகப் பதிவு செய்தது. முன்கூட்டிய அறிவியல் வெளியீட்டுத் திட்டங்கள் பதின்மூன்றில் ஒன்றின் கீழ் எடுக்கப்பட்டதால் அந்தத் தரவுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை, எவரும் இறக்கிக்கொள்ளலாம். அந்தக் குழுவினர் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே மூலத் தரவை, வெவ்வேறு மென்பொருள்களைக் கொண்டு, நான்கு பேர் தனித்தனியாகச் சுத்திகரித்து நிறமாலையாக்கி அதன் பிறகே ஒப்பிட்டார்கள். 4.3 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடின் உறிஞ்சல் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது. அதோடு 4 மைக்ரானை ஒட்டி, எந்த மாதிரியும் எதிர்பாராத சிறிய மேடு ஒன்றும் எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவர் மட்டும் ஆய்ந்திருந்தால் இரைச்சல் என்று ஒதுக்கியிருக்க வாய்ப்புண்டு. ஒன்றையொன்று சாராத நான்கு சுத்திகரிப்புகளிலும் நின்றதால் அதை ஒதுக்க முடியவில்லை. விளக்கம் தெரியாத அமைப்பு என்றே முதல் கட்டுரையில் பதிந்தார்கள். பின்னர் அது சல்பர் டை ஆக்சைடு என்றும், விண்மீனின் ஒளியால் தூண்டப்படும் வேதிவினைகளின் விளைவு என்றும் தெரியவந்தது.

ஆகவே சகோதரிக்கு என் யோசனை இதுதான். பயிற்சியில் இன்னொரு பங்கேற்பாளரோடு சேர்ந்து ஒரே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவர் நோட்புக்கை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக அளந்து, பிறகு ஒப்பிடுங்கள். எண்கள் எங்கே பிரிகின்றன என்று தேடிப் பின்னோக்கிச் செல்வதில் கிடைக்கும் அறிவு, நோட்புக்கை ஒழுங்காக ஓட்டி முடிப்பதில் கிடைக்காது. பயிற்றுநர்கள் தயாரித்துத் தரும் நோட்புக்குகள் பிழையின்றி ஓடுவதற்கென்றே எழுதப்பட்டவை. தரவும் அதற்கேற்பப் பொறுக்கி எடுக்கப்பட்டது. சமைத்துப் பரிமாறிய இலையில் உட்கார்ந்துவிட்டுச் சமையல் கற்றேன் என்று சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாது.


மறுமொழி: நெல்லை_ஆய்வாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. அகச்சிவப்பன் ஐயா சொன்னபடி வெற்றுத் துளை முறையை முயன்றேன். எஃப்200 வடிகட்டியில் என் பிழை இப்போது பட்டியலின் மதிப்பை நெருங்கிவிட்டது. துளை அளவுக்கு எதிரான வரைபடமும் நீங்கள் சொன்ன வடிவிலேயே வளைகிறது.

விண்ணப்பத் திட்டத்தில் எழுத எண்ணியிருப்பது: சீர்ஸ் 2022 ஜூனில் எடுத்த நான்கு நிர்கேம் புலங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு வடிகட்டியில் ஒரே உணரியின் ஒரு படத்தை அன்கேல் கோப்பிலிருந்து சாய்வுப் படம்வரை கொண்டுசெல்வது; பிறகு வெளியிடப்பட்ட மொசைக்கிலிருந்து ஏழு வடிகட்டிகளிலும் ஒளியளவு எடுத்து, செம்பெயர்ச்சி மதிப்பிட்டு, நிறமாலையால் உறுதிசெய்யப்பட்ட மதிப்புகள் உள்ள மூலங்களோடு ஒப்பிடுவது. இரண்டு வாரத்துக்கு இது அளவுக்கு மீறியதா? என் மடிக்கணினி தாங்குமா? புறப்படும் முன் வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டியவை எவை?


மறுமொழி: அகச்சிவப்பன்

திட்டம் நன்றாக இருக்கிறது. போட்டான்_எண்ணி அவர்கள் வைத்த எல்லையை நானும் ஏற்கிறேன். உங்கள் தலைப்புக்கு ஒரு படம் போதும்.

கணினியைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு உணரியில் 2048-க்கு 2048 பிக்சல்கள். ஒரு வாசிப்புக்குப் பிக்சலுக்கு இரண்டு பைட் என்றால் ஏறத்தாழ 8.4 மெகாபைட். ஒன்பது வாசிப்புகள் கொண்ட அன்கேல் கோப்பு 75 மெகாபைட்டை ஒட்டி வரும். பைப்லைன் அதை நினைவகத்துக்குள் மிதவைப் புள்ளி எண்களாக விரித்து, பிழைகளையும் அடையாளங்களையும் சேர்த்து வைத்துக்கொள்வதால் பல மடங்காகும். ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு கோப்பு என்றால் 16 ஜிபி தாங்கும். குறுகிய அலைநீளப் பக்கத்தின் எட்டு உணரிகளையும் எல்லா இடமாற்றங்களோடும் சேர்த்து மொசைக் செய்யும் மூன்றாம் கட்டம்தான் நினைவகத்தை விழுங்கும். அதை உங்கள் கணினியில் முயல வேண்டாம்.

வீட்டிலேயே முடித்துவிட வேண்டியது நிறுவும் வேலை. பைப்லைனுக்குத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி நிறுவுங்கள். அளவீட்டுத் திருத்தத்துக்கான மேற்கோள் கோப்புகளை எங்கே சேமிப்பது, எந்தச் சேவையகத்திலிருந்து எடுப்பது என்ற இரு மாறிகளையும் அமைத்துவிட்டு, உங்கள் படத்தை ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில்தான் அந்தக் கோப்புகள் இறங்கும்; அவற்றில் சில மிகப் பெரியவை. பயிற்சி அரங்கில் எல்லோரும் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் அவற்றை இறக்க முயலும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேற்கோள் கோப்புகளின் பதிப்பு எண்ணையும் பைப்லைனின் பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு அளவீட்டோடும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இரண்டும் படக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கின்றன. 2022 ஜூலையில் முதல் தரவுகள் வெளியானபோது, அவற்றின் அளவீட்டுத் திருத்தம் பெருமளவுக்கு ஏவுதலுக்கு முந்தைய சோதனைகளைச் சார்ந்திருந்தது. பிரகாசம் முன்பே துல்லியமாகத் தெரிந்த தர விண்மீன்களை விண்வெளியில் அளந்து புதிய மதிப்புகள் வந்தபோது, உணரிக்கு உணரி வெவ்வேறு அளவில் ஒளியளவுகள் மாறின. அந்த முதல் வாரங்களில் அவசரமாக எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றின் எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. எந்தப் பதிப்பு என்று தெரியாத இரண்டு ஒளியளவுகளை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

அலகையும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். காப்பகப் படத்தின் பிக்சல் மதிப்பு ஒளியளவு அன்று. ஸ்டெரேடியனுக்கு (வானப் பரப்பின் அலகு) இத்தனை மெகாஜான்ஸ்கி (ஒளியளவின் அலகு) என்ற மேற்பரப்புப் பிரகாசம். பிக்சலின் பரப்பால் பெருக்கினால்தான் ஒளியளவு கிடைக்கும். குறுகிய அலைநீளப் பக்கத்தில் பிக்சலின் பக்கம் 0.031 வில்விநாடி, பரப்பு ஏறத்தாழ 2.26-ஐப் பத்தின் அடுக்கு எதிர்ம 14-ஆல் பெருக்கிய ஸ்டெரேடியன். ஆகவே ஒரு பிக்சலில் 1 என்ற மதிப்பு 22.6 நானோஜான்ஸ்கிக்குச் சமம். வானியலில் பிரகாசத்தைக் குறிக்கும் ஏபி அளவுகோலில் அது ஏறத்தாழ 28.0. குழுக்கள் வெளியிடும் மொசைக்கில் பிக்சல் வேறு அளவில் இருக்கலாம், அலகும் வேறாக இருக்கலாம்; தலைப்பகுதியைப் படித்த பின்பே பெருக்குங்கள்.


மறுமொழி: போட்டான்_எண்ணி

திட்டம் அளவோடு இருக்கிறது. ஒரு மாற்றம் மட்டும் சொல்கிறேன். ஒப்பீட்டுக்கு எடுக்கும் மூலங்களில் சீர்ஸ்-93316-ஐக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நிர்கேம் ஒளியளவுகளைக் கொண்டு செம்பெயர்ச்சி 16-ஐத் தாண்டிய விண்மீன்திரளாக இருக்கலாம் என்று 2022-இல் முன்வைக்கப்பட்டது அது. 2023-இல் நிர்ஸ்பெக் நிறமாலை எடுத்தபோது செம்பெயர்ச்சி 4.9 என்று தெரிந்தது. அந்தச் செம்பெயர்ச்சியில் ஆக்சிஜனின் வலுவான உமிழ்வரி 2.95 மைக்ரானுக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா வரி 3.87 மைக்ரானுக்கும் நகர்ந்து, சில வடிகட்டிகளில் மட்டும் ஒளியைக் கூட்டி, மிகத் தொலைவிலுள்ள மூலத்தின் நிறத்தைப் போலவே காட்டிவிட்டன. அதே சீர்ஸ் தரவில் கண்டறியப்பட்ட மேசியின் விண்மீன்திரள் என்று பெயரிடப்பட்ட மூலமோ, நிறமாலையிலும் 11.4 என்று உறுதியானது.

இரண்டையும் ஒரே முறையில் அளந்து, செம்பெயர்ச்சிப் பரவலை முழுதாக வரையுங்கள். உச்சியிலுள்ள ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். 93316-க்கு 4.9-ஐ ஒட்டி இரண்டாவது முகடு தெரிகிறதா, வலுவான உமிழ்வரிகள் கொண்ட மாதிரி நிறமாலைகளைச் சேர்த்தால் அது எவ்வளவு உயர்கிறது, வெற்றுத் துளை முறையில் கிடைத்த சரியான பிழையை இட்டால் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். பழைய பிழை மதிப்புகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். அவற்றை இட்டு ஒரு முறையும் ஓட்ட வேண்டியிருக்கும். விண்ணப்பத்தின் ஒரு பக்கத்தில் இந்த மூன்று கேள்விகளையும் எழுதினாலே, நீங்கள் வருவது எதற்காக என்று தேர்வுக் குழுவுக்குப் புரிந்துவிடும்.